ஐம்பத்தோராவது சொல்

ஃபஹாஹீல் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி
கார்கோ கடையில் எடை போடுகிறேன்.
அதனால்தான் என்னைப் பிடித்தார்கள்:
"கிலோ எண்ணுறவனுக்குச் சொல் எண்ண வராதா?"

ஐம்பது சொல்லில் ஒரு கதை.
வளைகுடாவில் வசிக்கும் தமிழர் யாரும் எழுதலாம்.
முதல் பரிசு, எங்கள் முதலாளி உபயம்:
ஊருக்கு முப்பது கிலோ இலவசம்.

எண்பத்தேழு வந்தன.
சம்பளச் சீட்டின் முதுகில் சில,
லிஃப்டுக்குள் நின்று பேசிய குரல்பதிவாய் ஒன்று.
முப்பத்தொரு கதையில் அம்மா,
பத்தொன்பதில் மழை,
ஐந்தில் மழையில் நனையும் அம்மா.
நடுவர்களுக்குப் பெயர் தெரியக்கூடாதாம்.
பெயரை மறைத்து எண் போட்டேன்,
பெட்டிகளுக்குப் போடுகிற அதே நீல மார்க்கரில்.

எண்ணத் தொடங்கியபிறகுதான் தெரிந்தது
தமிழன் எப்பேர்ப்பட்ட கள்ளன் என்று.
எழுபதை ஐம்பதில் அடைக்க
இடைவெளிகளை விழுங்கியிருந்தார் ஒருவர்:
'விமானமேறிப்போய்க்கொண்டிருந்தவனைத்திரும்பிப்பார்க்காதவள்'
ஒரே சொல்லாம்.
பெட்டி எடை கூடிப்போய்
மூன்று சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு
கவுண்டரில் வேர்த்து நிற்பவனின் முகம்
அந்தச் சொல்லுக்கு.

அறுபத்து மூன்றாம் எண்
பால்மா அட்டையின் உட்பக்கம் எழுதிப்
படமெடுத்து அனுப்பியது.
ஒரு வீடு, ஒரு குழந்தை, அதைத் தூக்கி வளர்க்கும் பணிப்பெண்.
குழந்தை முதன்முதலாய் வாய் திறந்து பேசுகிறது:
'இஞ்ச வா.'
என்ன சொல்லுது பிள்ளை எண்டு மேடம் கேட்டா.
ஒண்டு மில்லை எண்டன்.
அவ்வளவுதான் கதை.

கைப்பேசியைக் கவிழ்த்துவைத்துவிட்டு
கீழே போய் ஒரு சுலைமானி குடித்தேன்.
வந்து எண்ணினேன். ஐம்பத்தொன்று.
கடைசியிலிருந்து மேலே எண்ணினேன்.
ஐம்பத்தொன்று.

வெள்ளிக்கிழமை, உணவக மாடியில் நடுவர் கூட்டம்.
பரோட்டாக்கல்லின் சத்தம் தரைவழியே ஏறிவந்தது.
பள்ளியில் தமிழ் நடத்தும் செந்தாமரை டீச்சர் சொன்னார்:
"ஒன்றும், இல்லை. மெய் மேல உயிர் ஏறி உட்கார்ந்தாச்சு.
இனி அதைப் பிரிக்க யாராலும் ஆகாது. ஒரு சொல்தான்."
அஹ்மதி எண்ணெய் ஆலையில் பாதுகாப்பு அதிகாரி ஜெபஸ்டின்:
"எழுதினவங்களே பிரிச்சுத்தானே எழுதியிருக்காங்க டீச்சர்.
ஒருத்தருக்கு விட்டா மத்த எண்பத்தாறு பேருக்கும் விடணும்."
இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.
பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான்.
ஒரு விரல் போதும், அந்த இடைவெளியை மூட,
கேட்பாரில்லை.
எண் கேட்டார்கள்.
எண்ணைச் சொன்னேன்.

முப்பது கிலோ மழைக்குப் போனது.
எழுதியவருக்குத் துபாயில் பதினெட்டாவது மாடி;
நல்ல கதைதான், குறை சொல்ல மாட்டேன்.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய், உச்சி வெயில்.
காரை அணைக்காமல் டிரைவர் வெளியே நிற்க
ஒரு பெண் பெட்டியை முழங்காலால் தள்ளிக்கொண்டு வந்தாள்.
மேலே அவளே எழுதிய முகவரி:
தவமலர், ஆரையம்பதி, மட்டக் களப்பு.
மேல்நோக்கிச் சாயும் அதே எழுத்து.
படியேறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்குவதுபோல
ஊர்ப்பெயருக்குள் அதே இடைவெளி.

இருபத்தொன்பது கிலோ நானூறு.
"இன்னும் அறுநூறு கிராம் வைக்கலாம்" என்றேன்.
"ரெண்டு சவர்க்காரம் வைக்கட்டே அண்ணன்?"
நாலு வைத்தாள்.
முப்பதுக்கு மேல் இயந்திரம் ஏதோ காட்டியது.
முப்பது என்று எழுதினேன்.

நீங்கள்தானா என்று கேட்க வாயெடுத்தேன்.
ஹாரன் அடித்தது.
அவள் சில்லறையை எண்ணாமல் அள்ளிக்கொண்டாள்.

ரசீதில் மட்டக் அடித்தேன்,
ஒரு தட்டு, இடைவெளி,
களப்பு.
கணினி அதன்கீழ் சிவப்பாய் ஒரு கோடு போட்டது.