பத்தாவது ஆள்

பெரிய கட்சிக்காரருக்கு முன்மொழிய ஒருத்தர் போதும்.
அஞ்சலாட்சிக்குப் பத்துப் பேர் வேண்டும்.
சட்டம் அப்படித்தான் என்றாள், கோபமில்லாமல்,
ஒரு பக்கம் இரண்டு ரூபாய்
முன்னும் பின்னும் மூன்று
என்று சொல்கிற அதே குரலில்.

மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை.
ஊரில் பாதிப்பேரின் பட்டாவும் விவாகரத்தும்
அந்தக் கண்ணாடிமேல் ஒருமுறையாவது
குப்புறப் படுத்திருக்கும்.
எதையும் படிப்பதில்லை என்பாள்.
படிப்பாள்.
சிப்காட் பக்கத்துப் போர்த் தண்ணீரின் ஆய்வறிக்கையை
நாற்பது நகல் எடுத்துக்கொடுத்த இரவு
நாற்பத்தொன்றாவதைத் தனக்கு வைத்துக்கொண்டு
ஷட்டரைப் பாதி இறக்கினாள்.
"நான் நிக்கப்போறேன், குலோத்து.
உன் ஆட்டோவுல மைக்கு கட்டலாமா?"

விருப்பச் சின்னம் மூன்று எழுதவேண்டும்.
குழாய். வாளி. விசில்.
குழாய் கிடைத்தால் போதும் என்றாள்,
அதைத் திறந்தால் என்ன வரும் என்று
தெருத் தெருவாகக் கேட்கலாம்.

கடைசி நாள். இரண்டு பத்து.
ரேஷன் கடை எடையாளர் சுந்தரேசன்,
பத்தில் ஒருவர்,
போனை எடுக்கவில்லை.
பிறகு எடுத்தார்.
பிறகு அவர் மனைவி வாங்கிப் பேசினாள்:
"எங்களுக்குச் சம்பளம் வரணும்மா."
அஞ்சலாட்சி ஒன்றும் சொல்லவில்லை.
அந்தப் பெயரை ஸ்கேல் வைத்து அடித்தாள்.
கோணக்கூடாது அவளுக்கு, எந்தக் கோடும்.

வாசலில் பட்டாசு.
மாலை மரியாதையோடு ஒருவர் உள்ளே போய்
ஒரே கையெழுத்தோடு வெளியே வந்து
கேமராவுக்குக் கும்பிட்டார்.
மணி இரண்டு முப்பத்தைந்து.
சுங்கப் பையோடு நின்றிருந்த நான் சொன்னேன்,
"அக்கா, நான் போடறேன்."

போன தேர்தல் சீட்டு
வண்டி ஆர்.சி. புத்தகத்துக்குள் இருந்தது.
பாகம் எண் பார்த்துச் சொன்னேன்,
வரிசை எண் பார்த்துச் சொன்னேன்.
மேலே பொடி எழுத்தில் இருந்த தொகுதியின் பெயரை
அவளும் பார்க்கவில்லை,
ஊருக்கே எழுத்துப் பார்த்தவள்.
இரண்டு ஐம்பத்தெட்டுக்கு உள்ளே போனது படிவம்.

மறுநாள் பரிசீலனை.
அதிகாரி நல்லவர்தான்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
இன்னொருமுறை தேடினார்.
"இந்தப் பாகத்தில், இந்த வரிசையில்
ரெஜினா மேரி என்று ஒரு அம்மா இருக்கிறார்.
வயது எழுபத்தொன்று.
குலோத்துங்கன் இல்லை."

கல்யாணமாகி வண்டிப்பாளையத்துக்கு வந்து
நான்கு வருஷம்.
கேஸ் மாறியது, ஆதார் மாறியது, சண்டைக்காரர்கள் மாறினார்கள்.
என் ஓட்டு மட்டும்
குறிஞ்சிப்பாடித் தொகுதியிலேயே குடியிருந்திருக்கிறது.

ஒன்பது பேர் என்னைப் பார்த்தார்கள்.
ஐஸ் கம்பெனி இருதயராஜ்
ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்,
செருப்பைப் பார்த்தார்.
பிற கட்சிகளின் வக்கீல்கள்
அடுத்த மனுவுக்குப் பக்கம் திருப்பினார்கள்.
மூன்று நிமிடம் ஆகியிருக்கும்.

டெபாசிட் பறிபோகவில்லை.
நிற்காதவருக்குத் தோல்வி கிடையாதாம்,
ரசீதைக் காட்டினால் பணம் திரும்பும்.

ஒருவாரம் அந்தத் தெரு வழியே ஆட்டோ ஓட்டவில்லை.
எட்டாம் நாள் சவாரி ஒன்று
அவள் கடை வாசலில்தான் இறங்குவேன் என்றது.
கூப்பிட்டாள்.
திட்டுவாள் என்று இறங்கினேன்,
திட்டினால் தேவலை என்றும்.
இயந்திரத்திலிருந்து சூடாக ஒரு தாளை உருவி
நீட்டினாள். படிவம் எட்டு.
முகவரி மாற்றத்துக்கு.
"காசு வேணாம். பேனாவ மட்டும் திருப்பிக் குடு."

வாக்குப்பதிவன்று
பழைய ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றேன்.
பட்டியல் மாறக் காலம் ஆகும்.
பதினாறாவது பெயர், முன்பின் தெரியாத ஒருவர்.
எதிரே, குழாய்.

யாருக்குப் போட்டேன் என்று சொல்லக்கூடாது.
விரலை எடுக்க நேரமானதால்
ஏஜெண்ட் ஒருவர் இருமினார்.