டேர்

ஸ்காட்ஸ்பிளஃப் சர்க்கரை ஆலையில்
எனக்கு இரவு ஷிஃப்ட்.
லாரியில் வரும் பீட் கிழங்கில் ஒரு மூட்டை எடுத்து,
நிறுத்து, கழுவி, மறுபடி நிறுத்து
ஒட்டியிருந்த மண்ணைக் கணக்கில் கழிப்பேன்.
அந்தக் கழிவுக்குப் பெயர் டேர்.
நூற்றுக்கு நாலு. மழை பெய்த வாரத்தில் ஏழு.
லியாண்டர் ஹெர்க் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்:
"என் மண் எங்கேம்மா போகுது?"

பகலில் கல்லூரி.
ஆளுக்கொரு பிடி மண் கொண்டுவரச் சொன்னார்கள்.
கிர்பி நாயைப் புதைத்த இடத்திலிருந்து தோண்டி வந்தான்.
நான் கழுவுநீர் வாய்க்காலில்
பூட்ஸ் முனையால் வழித்தேன்.

தட்டில் ஆர்த்ரோபாக்டர்
பாலாடையாகப் படர்ந்தது.
திங்கள் ஒன்றுமில்லை. செவ்வாயும்.
வெள்ளிக்கிழமை
குண்டூசித் தலையளவு ஓர் ஓட்டை.
"காற்றுக் குமிழி" என்றான் கிர்பி.
இருக்கலாம்.
ஆனால் குமிழி குட்டி போடாது.
ஓட்டையைக் குத்தி எடுத்து
புதுத் தட்டில் இழுத்தேன்.
மறுநாள் ஏடு முழுக்க அம்மைத் தழும்பு.

அதில் ஒன்றிலிருந்து ஒன்று,
அதிலிருந்து இன்னொன்று,
எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று
உறுதியாகும் வரை மூன்று தடவை.
ஷிஃப்டுக்கும் வகுப்புக்கும் நடுவே
காரில் தூங்கினேன்.

லிங்கனுக்கு ஆறு மணி நேரம்,
மடியில் ஐஸ் பெட்டி.
எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் சாம்பல் திரையில்
முதலில் அழுக்கு.
பிறகு, ஓரத்தில்,
பட்டை தீட்டிய தலை,
தளர்ந்து வளைந்த நீள வால்.
ஸ்கேல் வைத்து அளந்தேன்:
தலை அறுபது நானோமீட்டர். வால் இருநூற்றுப் பத்து.
எடை போடத்தான் வழியில்லை.

குளிர்காலம் முழுக்க அதன் எழுத்துகளைப் படித்தோம்.
நாற்பத்து மூவாயிரத்துச் சொச்சம்.
அறுபத்தேழு ஜீன்.
தலை செய்வது, வால் செய்வது,
கடைசியில் சுவரை உடைத்து வெளியேறுவது
தெரிந்தது.
மீதி நாற்பத்தொன்றுக்கு நேரே
"பணி தெரியவில்லை" என்று தட்டினேன்.
நாற்பத்தொரு முறையும் கையால்,
நகலெடுக்க மனம் வரவில்லை.

பெயர் கேட்டது படிவம்.
டிராகன் பெயராக வை என்றான் கிர்பி.
நான் டேர் என்று எழுதினேன்.
ஏன் என்றான்.
தட்டைச் சன்னலுக்கு நேரே பிடித்துக் காட்டினேன்,
கழிந்த இடங்களின் வழியே
பனி மூடிய பார்க்கிங் தெரிந்தது.

அடுத்த அறுவடை.
நூற்றுக்கு ஆறு கழித்து
ரசீதை நீட்டினேன்.
"என் மண் எங்கேம்மா போகுது?"
"கொஞ்சம் லிங்கன் வரைக்கும் போச்சு" என்றேன்.
லியாண்டர் சிரிக்கவில்லை.
கியர் போட்டார்.