செல்லாக் காசு

அமராவதியில் தண்ணி நின்று நாற்பது நாள்.
பசுபதிபாளையம் பாலத்துக்குக் கீழே
சல்லடையோடு இறங்கிவிட்டான் மாரப்பன்.
பொன் துகளுக்குத்தான் இறங்குவது.
கிடைப்பதென்னவோ ஆணி, பித்தான்,
யாரோ வேண்டிக்கொண்டு எறிந்த ஐம்பது பைசா.

அன்றைக்கு இது.
சாயத்தண்ணியில் ஊறிப் பச்சை கட்டி
கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது.
ஒரு பக்கம் மூக்குத் தேய்ந்த ராசா.
மறு பக்கம் மாதுளம்பழம்,
சுற்றிலும் எழுத்து, பாதி ஊர்ப்பெயர்.

மாதம் ஒருமுறை கோயமுத்தூரிலிருந்து வந்து
பழங்காசு வாங்கும் சவரிராயன்
பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.
"தங்கம் வெள்ளின்னா எங்க போனாலும் எடுபடுமுங்க.
இது சிடேன்னு ஒரு துறைமுகம்,
கிரேக்கம் பேசற ஊரு,
தனக்குன்னு அடிச்ச வெண்கலச் சில்லறை.
அந்தப் பேருக்கே மாதுளைன்னுதான் அர்த்தமாம்.
ஊர் எல்லை தாண்டினாச் செல்லாது."

செல்லாதது
எப்படி இவ்வளவு தூரம் சென்றது?

தங்கம் வந்ததற்குக் கணக்கு உண்டு.
மிளகுக்கு வந்தது,
கொடுமணலில் பட்டை தீட்டிய கல்லுக்கு வந்தது,
எண்ணி வாங்கி, எண்ணிப் பானையிலிட்டுப் புதைத்தார்கள்.
இதை யாரும் அனுப்பவில்லை.
கப்பலேறும் காலையில்
மீன் வாங்கியது போக மீந்ததை
ஒருத்தன் இடுப்பில் முடிந்திருப்பான்,
திரும்பிவந்து இறங்கியதும் ரொட்டி வாங்க.

கணவாய்க் காற்று முதுகைத் தள்ள நடந்து
நொய்யலில் கால் கழுவி
கருவூரில் ஒரு கள் விற்பவளிடம் நீட்டியிருப்பான்.
ராசாவைப் பார்க்காமல்
மாதுளையை மட்டும் ஒரு கணம் பார்த்து
அவள் தலையாட்டியிருப்பாள், வேண்டாமென்று.

அப்புறம் என்ன ஆனான்?
ஆறு காசைத்தான் தந்தது. ஆளைப் பற்றிப் பேச்சில்லை.

மேசைவிரிப்பு ஏற்றுமதியில் கணக்கெழுதுகிறவன் நான்.
ஹாம்பர்க்கிலிருந்து திரும்பிவந்த பெட்டியொன்றில்
ஒற்றை சென்ட் கிடந்தது, மடிப்புக்குள்.
எந்தத் தலைப்பில் வரவு வைப்பது?
ஆறு வருடமாக டிராயரில் இருக்கிறது.

முந்நூறு கொடுத்தேன் மாரப்பனுக்கு.
"எடைக்குப் போட்டா இருவது தேறாதுங்" என்று
நூறைத் திருப்பிக் கொடுத்தான்.

வாங்கல் மினி பஸ்ஸில்
சில்லறையோடு சில்லறையாய் அதையும் நீட்டிவிட்டேன்.
கண்டக்டர் பையன் புரட்டிப் பார்த்தான்,
வெளிச்சத்துக்கு ஒரு தரம் தூக்கினான்.
"இது செல்லாதுங்ணா."

அவன் கைச்சூட்டோடு
என் கைக்குத் திரும்பிவந்தது.