கட்டாக்காலிப் பதிவேடு

பதினோராம் நாளாகச் சபை வளவில் நிற்கிறது பசு.
சிவலை. இடக்கொம்பு நுனி உடைந்தது.
பிடித்த இடம்: தம்பிலுவில் சந்தைக்கு எதிரே, பிரதான வீதி.
பிடித்த நேரம்: இரவு பதினொன்று நாற்பது.
உரிமையாளர் என்ற கட்டத்தில்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி இட்டிருக்கிறேன்.
பேனை இன்னும் தொடவில்லை.

தொடையில் குறி உண்டு,
சூடு கலங்கி ஆறிய எழுத்து.
'ப' என்கிறார் மூன்றாம் வட்டாரம்.
'ம' என்று அடித்துச் சொல்கிறார் ஏழாம் வட்டாரம்.
ஒரு பின்னேரம் முழுக்க
தேத்தண்ணிக் கோப்பையோடு இருவரும்
மாட்டின் பின்புறத்தைச் சுற்றிச் சுற்றிப் படித்தார்கள்.
மாடு வாலைப் போட்டு
எழுத்தை மூடிக்கொண்டது.

தண்டம் ஐயாயிரம். பராமரிப்பு நாளுக்கு ஐந்நூறு.
ஆள் வராததற்குக் காரணம் அந்தக் காசல்ல.
அன்றிரவு இதில் மோதி விழுந்த பொடியன்
அக்கரைப்பற்று ஆசுபத்திரியில் காலில் கட்டோடு கிடக்கிறான்.
என்ர மாடு என்று வருகிறவர்
அந்தக் காலுக்கும் சேர்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும்.

மாதாந்தக் கூட்டம்.
மூன்று மின்விசிறியில் ஒன்று சுற்றுகிறது,
அதற்குக் கீழே தவிசாளர்.
சென்ற கூட்ட அறிக்கை ஏற்கப்பட்டது.
விநாயகபுரம் மயான வீதிக்கு இரண்டு மின்குமிழ்: ஒத்திவைப்பு.
குப்பை உழவு இயந்திரத்துக்குப் பின் டயர்:
விலைமனு மூன்றும் ஒரே கையெழுத்தில் இருப்பதாகக்
குணலெட்சுமி அக்கா சொன்னார்.
"அதையும் எழுதவா?" என்று கேட்டேன்.
தவிசாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மறுகா, கட்டாக்காலி.
எழுந்தார் ஏழாம் வட்டாரம் பாக்கியதுரை.
தண்டத்தைப் பத்தாயிரமாக்க வேண்டும் என்றார்.
வளர்க்கிற ஆட்களுக்குப் பொறுப்பில்லை என்றார்.
றோட்டு என்ன மாட்டுப்பட்டியா என்றார்.
"கௌரவ தவிசாளர் அவர்களே" என்று
குரலை உயர்த்திய இடத்தில்
வெளியே பசு
"ம்மா" என்றது.

சபை சிரித்தது.
அவர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்கினார்.
மறுபடி அது கூப்பிட்டது,
இம்முறை நீளமாக,
தவிட்டுத் தண்ணி நேரம் பிந்தினவரைக் கூப்பிடுவதுபோல.
வேறு யார் பேசியபோதும் அது வாய் திறக்கவில்லை.
எல்லாரும் ஜன்னலைப் பார்த்தோம்.
அவர் மட்டும்
தன் கோப்பின் நூலை அவிழ்த்து, மறுபடி கட்டினார்.

"அத எழுதாதீங்க மகள்," என்றார் தவிசாளர்.
எழுதவில்லை.
முன்மொழிந்தவர் பாக்கியதுரை, வழிமொழிந்தவர் நேசமணி,
ஏகமனதாக நிறைவேறியது.
பதினான்காம் நாள் பகிரங்க ஏலம்.

காவலாளி தம்பிமுத்தர் சொல்கிறார்,
மூன்று இரவாக ஒரு பொம்பிளை
பின்வேலியால் வாளி வைத்துவிட்டுப் போகிறாவாம்.
ஆர் எண்டு பாக்கல்லயா என்றால்,
"முகத்துக்கு டோர்ச் அடிக்கிற பழக்கம்
எனக்கில்ல தங்கச்சி."

மறுநாள் காலை வந்தால்
ஓடாத தண்ணீர் பவுசரின் நிழலில்
ஈரம் காயாத ஒரு கன்று.
நாலு தரம் எழும்பி நாலு தரமும் விழுந்து
பிறகு நின்றது, நின்றதில் தனக்கே நம்பிக்கை இல்லாமல்.
தீர்மானத்தில் ஒரு மாடு.
வளவில் இரண்டு.
செயலாளர் சுற்றுநிருபங்களைப் புரட்டுகிறார்:
கன்றுக்குத் தனித் தண்டமா,
தாயினதுக்குள் அடங்குமா,
ஆணையாளருக்கு எழுதிக் கேட்பதா.
பதில் வருவதற்குள்
இதுவும் கன்று போட்டுவிடும் என்றார் குணலெட்சுமி அக்கா.
தொழிலாளர் அறைப் பக்கமிருந்து
சீம்பால் காய்ச்சும் மணம்.
கணக்காய்வுக்கு அதற்கென்ன சொல்வதென்று
ஒருவரும் கேட்கவில்லை.

நான் புதிய வரி திறந்தேன்.
நிறம்: சிவலை, நெற்றியில் வெள்ளை.
குறி: இல்லை.
பிடித்த இடம் என்ற கட்டத்தில்
வேறு வழியில்லாமல்
'சபை வளவு' என்று எழுதினேன்.
உரிமையாளர்.
பென்சிலைத் தேடி நிமிர்ந்தபோது
வெளிவாசலில்
பாக்கியதுரையின் மோட்டார் சைக்கிள்
இயந்திரம் நிறுத்தாமல் நின்றது.
அவர் இறங்கவுமில்லை,
போகவுமில்லை.