நூற்றுப் பன்னிரண்டாம் கேசட்

பூபாலனின் கராஜில் செவ்வாய்க்கிழமைதோறும்
ஆறு பேர், சில நாள் ஏழு.
காரைத் தெருவில் விட்டுவிட்டு
கிரீஸ் கறைமேல் நாற்காலி போடுகிறோம்.
ஷட்டரை முழுக்க இறக்குவதில்லை.
மூடிய கதவுக்குள் இருந்தது போதும் என்று
முதல் வாரமே சொல்லிவிட்டாள் எப்சிபா.

எப்சிபா இல்லை, தில்லைநாயகி.
ஞானஸ்நானத் தொட்டியில் கழற்றிப்போட்ட பெயரை
அறுபத்தொரு வயதில் மறுபடி போட்டுப் பார்க்கிறாள்.
தோளில் கொஞ்சம் பிடிக்கிறதாம்.
நான் தணிகாசலம்.
கடையில் எவராவது 'தீமோத்தேயு' என்றால்
எனக்கு முன்னே என் முதுகு எழுந்து நிற்கிறது.

வெளியே போனவர்கள் திரும்பிப் பார்த்தவர்கள்,
உப்புத்தூண் ஆவீர்கள் என்றார் மேய்ப்பர்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பூபாலன் கேட்கிறான்:
இந்த மெர்பேங்கில் உப்பு யாரை விட்டது?
என் கேட்டு, கீல், காரின் அடிவயிறு
எல்லாம் அரித்துக் கிடக்கிறதே,
அவையும் சோதோமைத் திரும்பிப் பார்த்தனவா?

சிரிக்கிறோம்.
சுத்திகரிப்பு ஆலையின் குழாயில் தீ எழும்போது
சிரிப்பு நின்றுவிடுகிறது.
இருபது வருஷம் அவர் விரல் நீட்டிக் காட்டிய தீ.
மிச்ச வாயுவை எரிக்கிறார்கள், அவ்வளவுதான்.
அங்கே குழாய் பற்றவைத்தவனே நம்மோடு உட்கார்ந்திருக்கிறான்.
அவனும் பார்ப்பதில்லை அந்தப் பக்கம்.

பள்ளிக்கூட நோட்டு ஒன்று கைமாறி வரும்.
பிறந்தநாள் பாவம் என்பது எந்த அதிகாரம்?
பத்தில் ஒன்று எந்த வருஷம் பத்தில் மூன்றானது?
கதவு அடைபடும் தேதி தப்பியபோது
அவர் காலண்டரை விட்டுவிட்டு
நம் விசுவாசத்தை ஏன் திட்டினார்?
தில்லைநாயகி வாராவாரம் ஒரே வரிதான் எழுதுகிறாள்:
என் மகள் எப்போது போனை எடுப்பாள்?
இது உபதேசம் பற்றிய கேள்வி இல்லையே என்றான்
புதிதாக வந்த ஒருவன்.
ரூயிபோஸ் ஆறிக்கொண்டிருந்தது.

பிரசங்கங்களைப் பதிவு செய்தவன் நான்.
ஷூ டப்பாக்களில் முந்நூறு கேசட்.
போன வாரம் ஒன்றைக் கொண்டுபோனேன்,
சாட்சிக்கு ஆகட்டும் என்று.
நானே கேட்டுப் பார்க்காமல் கொண்டுபோனேன்.

மின்விசிறிச் சத்தம். தொண்டை செருமல்.
பிறகு அந்தக் குரல், தேன் வடிய:
ஃப்ரிட்ஜுக்குள் இன்சுலின் வைத்திருக்கும் சகோதரி
கர்த்தரை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறாள்.
மைக்குக்கு வெகு பக்கத்தில்,
சபை முழுவதையும் முந்திக்கொண்டு
ஓர் ஆமென்.

அந்தச் சகோதரி பூபாலனின் தங்கை மனோரஞ்சிதம்.
அந்த ஆகஸ்டை அவள் தாண்டவில்லை.

யார் குரல் என்று ஒருவரும் கேட்கவில்லை.
பூபாலன் மெஷினை நிறுத்தவும் இல்லை.
பக்கம் முடியும்வரை ஓடி
'க்ளிக்' என்று தானே நின்றது.

நோட்டு என்னிடம் வந்தது. என் பேனா எழுதவில்லை.
தில்லைநாயகி தன் பேனாவை நீட்டினாள்.
அவரை நம்பினேனா,
இல்லை, எல்லோருக்கும் முதலில் ஆமென் சொல்ல
எனக்கு ஓர் இடம் கிடைத்ததை நம்பினேனா?
எழுதி முடித்து மூடினேன். எவரும் பிரித்துப் பார்க்கவில்லை.

நாற்காலிகளை அடுக்கும்போது பூபாலன்
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:
பால் தீர்ந்துவிட்டது, தணிகாசலம்.
அடுத்த செவ்வாய் நீ வாங்கி வா.

வீட்டுக்கு நடக்கையில்
பழக்கத்தில் ஜெபம் வாய்க்கு வந்தது.
தடுக்கவில்லை.
மனோரஞ்சிதத்தின் பெயரை முழுதாகச் சொன்னேன்,
அந்தப் பெண் சிரிக்கும்போது வாயைக் கைக்குட்டையால் மூடுவதையும் சொன்னேன்.
கடைசிச் சொல் வந்து பல்லில் நின்றது.
அதைச் சொல்லாமல்
கேட்டைத் திறந்து உள்ளே போனேன்.