நூற்று நாற்பத்தாறு

லார்ட்டன் நிலையத்தில்
ஆரஞ்சு அங்கி போட்ட ஒரு பையன்
கார்க் கதவில் காந்தத் தகட்டை ஒட்டினான்: 146.
கதிரேசன் சாவியைக் கொடுத்தான்.
"பிரேக் கொஞ்சம் இறுக்கம்" என்றான்.
"ரிவர்ஸில் ஒரு சத்தம் வரும், பயப்படாதே" என்றான்.
பையன் அதற்குள் கதவைச் சாத்தியிருந்தான்.
பதினோரு வருஷத்தில் என் கைக்கு
அறிவுரை ஒட்டாமல் வந்ததே இல்லை அந்தச் சாவி.

வர்ஜீனியா வீட்டில் மிச்சமிருந்ததையெல்லாம் சுமந்துகொண்டு
ரயிலின் வாய்க்குள் பின்விளக்கு சிவக்க ஏறியது கார்:
டிக்கியில் கிரைண்டர்,
பின்சீட்டில் திருப்பித் தரச் சொல்லி
யாரும் கேட்காத ஆபீஸ் மானிட்டர்,
இண்டு இடுக்கெல்லாம் மளிகை.
"உள்ளே அதுக்கு லைட் இருக்குமா?"
சோலைக்குக் கவலை.
"தூங்கும்டா" என்றாள் உமையாள்,
ஹெட்போனைக் கழற்றாமலே.

நடைக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள், இந்தப் பக்கம் நாங்கள்.
அறை என்று டிக்கெட்டில் போட்டிருந்தது.
அலமாரி.
எதிரும் புதிருமாய் இரண்டு இருக்கை,
முழங்கால் முழங்காலை இடிக்க.

அப்போதுதான் உறைத்தது,
நாங்கள் பேசியதெல்லாம் காரில் என்று.
வீட்டுக்கடன். உமையாளின் பல்லுக்குக் கம்பி.
மார்ச்சில் அவன் வேலை போனது.
டாம்பாவுக்குப் போகலாம் என்று அவன் சொன்னது,
நான் வரவில்லை என்றது,
சரி என்றது,
எல்லாமே முன்கண்ணாடியிடம் சொன்னவை.
மழை நாளில் வைப்பர்
இரண்டு பேருக்கும் மாறி மாறித் தலையாட்டும்.
கோபம் வந்தால்
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.
அவனுக்கு ரோடு இருந்தது.

இங்கே ரோடு இல்லை.
அவன் கைகள் மடியில் கிடந்தன,
கடிகாரத்தில் பத்தும் இரண்டும் இருக்கிற இடத்தில்.
வளைவு வரும்போதெல்லாம்
வலது கால் தரையை அழுத்தியது.
"ரயிலுக்கு பிரேக் போடுறியா?"
சிரித்தான். சிரித்து நாளாயிற்று என்பது
அந்தச் சிரிப்பின் துருவில் தெரிந்தது.

எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது
படுக்கை விரிக்க வந்த லொரெய்ன் வாசலில் நின்றுவிட்டாள்.
ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு போனாள்.
மறுபடி வந்தாள்.
தலையணை ஒன்று கூடுதலாகக் கிடைத்தது.

பாதி ராத்திரி, ஃப்ளாரன்ஸ்.
எண்ணெய் போடவும் ஆள் மாறவும் ரயில் நின்றது.
செருப்பைக் கையால் தடவி எடுத்துக்கொண்டு இறங்கினான்.
ஜன்னல் வழியே பார்த்தேன்,
பிளாட்பாரத்தின் கடைசி வெளிச்சம் வரை போய்
பின்பெட்டிகளை எட்டி எட்டிப் பார்த்தான்,
ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவன் மாதிரி.
திரும்பி வந்தான்.
"தெரியல. எல்லாம் மூடியிருக்கு."
மேலே ஏறாமல்
என் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தான்.
ரயில் கிளம்பிய பிறகு சொன்னான்:
"எனக்குப் பயமா இருக்கு, விசாலம்."

அந்த அலமாரிக்குள்
என் பெயர் ஒன்றுதான் பெரிது.
பழக்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.
வெளியே இருட்டு. கண்ணாடியிலும்
அவன் முகம்தான் இருந்தது.

காலை நீட்டாமல் சுருட்டிக்கொண்டேன்.
ஒருவர் படுக்கிற இடத்தில்
ஒருக்களித்தால் இரண்டு பேர் படுக்கலாம்,
யாராவது ஒருவர் விழிப்பாக இருந்தால்.
நான் இருந்தேன் ஜார்ஜியா முழுக்க.

சான்ஃபோர்டில் காலை பத்து மணிக்கே
தார் இளகும் வெயில்.
ஒலிபெருக்கி எண்களைக் கூப்பிட்டது:
எண்பத்தொன்பது. இருநூற்று மூன்று. பன்னிரண்டு.
முதலில் கொடுத்தவருக்கு முதலில் என்கிற
நியாயமெல்லாம் அங்கே கிடையாது.
ஒரு மணி நேரம் கழித்து
நூற்று நாற்பத்தாறு வந்தபோது
சோலை கைதட்டினான்.

கதிரேசன் சுற்றிக்கொண்டு போய்
வலப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தான்.
நான் இருக்கையை முன்னால் இழுத்தேன்.
கண்ணாடியைத் திருப்பினேன்.
"பிரே..." என்று ஆரம்பித்தவன்
பெல்ட்டை மாட்டிக்கொண்டான்.

ராத்திரி எங்கோ
கொண்டைக்கடலைப் பை பிய்ந்திருக்கிறது.
ஒவ்வொரு சிக்னலிலும்
பின்னாலிருந்து உருண்டு உருண்டு
எங்கள் காலடிக்கு வந்துகொண்டே இருந்தது,
டாம்பா வரைக்கும்.