உள்பக்கம் எழுதியது

கொண்டலாம்பட்டிப் பட்டறையில்
லாரிக்குப் பாடி கட்டி முடித்ததும்
எழுதக் கூப்பிடுவது என்னை.
ஒலி எழுப்பவும். இடைவெளி விடவும்.
ஓனர் மகளின் பெயர்.
கேட்டால் ஒரு ஜோடிப் புறா.
ஏணி மேல் நின்று எழுதுகிறவன்
இந்தச் சனிக்கிழமை ராத்திரி
முழங்கை நீளமே உள்ள ஒரு பாடியை
மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
தண்ணீர் பாட்டிலின் எடை கூட இல்லை.

இதற்கு வெளியே பெயின்ட் அடித்தால் நிற்காது,
ஒரு சறுக்கலில் உரிந்துவிடும்.
கவிழ்த்துப் பிடித்து உள்ளே அடிக்க வேண்டும்,
மேலே எது தெரிய வேண்டுமோ அதை முதலில்:
எழுத்து, கோடு, மஞ்சள்,
மஞ்சள் மங்காமலிருக்க முதுகில் வெள்ளை.
லாரியில் கடைசியாக வருகிற நான்
இதில் முதல் ஆள்.
அந்தப் பெருமையில்தான் கை ஏமாந்திருக்கும்.
விடிந்ததும் மேல்தாளை உரித்தேன்.
ஒலி எழுப்பவும்
வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருந்தது,
லி-யின் சுழி எதிர்ப்பக்கம் சாய்ந்து.

அழிக்க நேரமில்லை.
ஆத்தூர் ரோட்டில் சேகோ ஃபேக்டரி.
இது அரவை இல்லாத மாதம்,
ஜவ்வரிசி காயும் சிமென்ட் களம் முழுக்க எங்களுக்கு.
ஆறு கார்கள். வளைவுக்கு வளைவு செங்கல்.
வடக்கே சேர்வராயன் மலை
வெயிலில் பாதி அழிந்து நின்றது.

களம் பார்க்கத்தான் வழவழப்பு.
பத்தடிக்கு ஒரு இணைப்பு,
இணைப்புக்குள் போன பருவத்து மாவு.
ஒவ்வொன்றிலும் என் கார் துள்ளியது,
துள்ளிய இடத்தில் திரும்ப மறுத்தது.
தூக்கி ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தேன்.
மூன்று சக்கரம் பூனை மாதிரி இறங்க
பின்னிடது மட்டும்
யோசித்துவிட்டு வந்தது.
ஷாக்கைத் திறந்தால் உள்ளே ஒரு காற்றுக்குமிழி,
கடுகளவு.

நானூறு எண்ணெயைக் கொட்டிவிட்டு முந்நூறு ஊற்றினேன்.
பிஸ்டனை மெல்ல ஏற்றி, மெல்ல இறக்கி,
குமிழிகள் மேலே வந்து உடையும்வரை
யாரோடும் பேசவில்லை.
ஸ்பிரிங்கையும் ஒரு படி மென்மையாக்கினேன்.
இப்போது இணைப்புகளை விழுங்கிக்கொண்டு போனது.
ஆனால் வளைவில் சாய்ந்தது.
சாய்ந்ததும் முன்டயர் பாடியில் உரசி
கீச்.

எனக்கு நேர்ப் போட்டி மெஹராஜ்.
ஃபேர்லேண்ட்ஸில் பல்செட் செய்கிற லேபில் வேலை.
அவள் கார் ஓரங்களில் ஒரு பிசிறு இருக்காது.
“எவ்வளவு எடுக்கணும்?”
“ரெண்டு மில்லி.”
“கடிச்சுக் காட்டச் சொல்லுங்க” என்று
சக்கரத்தைக் கையால் அமுக்கி, உரசும் இடத்தைக் குறித்து,
பைக்குள்ளிருந்து சின்ன டிரில்லை எடுத்தாள்.
ஒருவர் வாய்க்குள் வேலை செய்வதுபோல
மூச்சை அடக்கிக்கொண்டாள்.
எழுத்தைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.
அதுதான் தாங்கவில்லை.

வாட்ச்மேன் செங்கோடன் குனிந்து பார்த்தார்.
“இதுக்குள்ள டிரைவர் எங்கீங்க உக்காருவாரு?”
“யாரும் இல்லீங்க.”
“அப்ப அவருக்குப் படிக்கிறாப்ல எழுதியிருக்கீங்க.”
மெஹராஜ் அப்போதுதான்
டிரில்லை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

ஆறு பேரில் நான்காவது.
கடைசிச் சுற்றில் ஒரு கிளிப் தெறித்து
மாவுக்குள் போனது, கிடைக்கவில்லை.
பாடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு
மழைக்கோட்டு பறக்க வண்டி ஓட்டுகிறவர் போல
வந்து சேர்ந்தது.
டயர் நான்கும் வெள்ளை.
அவள் இரண்டாவது. முதல் வந்த பையன்
காரில் எதுவும் எழுதவே இல்லை.

திங்கட்கிழமை பட்டறையில்
பாடி இல்லாத சேஸிஸ் ஒன்று வந்து நின்றது,
எலும்பும் சக்கரமுமாக.
ஓரத்தில் உட்கார்ந்து
பின் பட்டையைக் கட்டைவிரலால்
அமுக்கிப் பார்த்தேன்.
அசையவில்லை.
எழுந்து, யாராவது பார்த்தார்களா என்று திரும்பி,
பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன்.